சர்க்கரைக்குப் போனால் பல்லுக்கு ஏன் கடிதம்?

பேராக் மாநிலத்தின் சுங்கை சிப்புட் பக்கம் எல்பில், டோவன்பி, ஹீவூட் தோட்டங்களில் பால்மரம் வெட்டிய தலைமுறை இன்று பெரும்பாலும் டவுனை ஒட்டிய தாமான் குடியிருப்புகளுக்கு வந்துவிட்டது. பல வீடுகளில் இரண்டு பேருக்காவது இனிப்புநீர், அதாவது நீரிழிவு. மூன்று மாதத்துக்கு ஒருமுறை அரசாங்கக் கிளினிக்கில் ரத்தம் எடுப்பார்கள், காலைத் தொட்டுப் பார்ப்பார்கள், கண்ணைப் படம் எடுக்க அனுப்புவார்கள். இதெல்லாம் பழகிப்போனது. ஆனால் மிஸ்ஸி (தாதி) ஒரு கடிதத்தை நீட்டி, "பல் கிளினிக்குப் போயிட்டு வாங்கம்மா" என்று சொன்னால் பலருக்கும் புரிவதில்லை. "எனக்குச் சக்கரதான் இருக்கு, பல்லு வலிக்கலையே" என்று அந்தக் கடிதம் மருந்துப் பையோடு சுருண்டு கிடக்கும்.

எண்ணிக்கையைப் பார்த்தால் இது நம்மவர்கள் அசட்டையாக விடக்கூடிய விஷயம் இல்லை என்று தெரியும். 2019-இல் நடந்த தேசிய சுகாதார ஆய்வில் மலேசியப் பெரியவர்களில் 18.3 விழுக்காட்டினருக்கு நீரிழிவு இருந்தது. இனவாரியாகப் பிரித்தால் இந்தியர்களிடம் அது 31.4 விழுக்காடு, அதாவது பத்தில் மூன்று பேருக்கு மேல். 2023 ஆய்வில் நாட்டின் மொத்த அளவு 15.6 விழுக்காடாகக் குறைந்தது. அப்போதும் இந்தியர்கள்தான் முன்வரிசையில் இருந்தார்கள்.

அந்தக் கடிதத்துக்குப் பின்னால் இருக்கும் காரணத்தை அடியிலிருந்து பார்ப்போம்.

## பல் எதில் நிற்கிறது

பல் ஈறில் நிற்பதாக நினைக்கிறோம். உண்மையில் அது தாடை எலும்பில் நிற்கிறது. எலும்புக்கும் வேருக்கும் நடுவே மெல்லிய நார்கள் பிடித்திருக்கின்றன. ஈறு மேலே போர்த்திய போர்வை மாதிரி. பல்லுக்கும் ஈறுக்கும் நடுவே ஒரு சின்ன இடுக்கு இருக்கும். நல்ல ஈறில் அதன் ஆழம் 1 முதல் 3 மில்லிமீட்டர்.

நோய் வரும் வழி இப்படி:

1. பல் துலக்கிய சில மணி நேரத்திலேயே கிருமிகள் பல்லின் மேல் வழவழப்பாகப் படிகின்றன. இதைப் பற்படலம் என்கிறோம். நாக்கால் தடவினால் தெரியும்.

2. துலக்காமல் விட்ட இடத்தில் அந்தப் படலம் எச்சிலில் உள்ள சுண்ணச்சத்தோடு சேர்ந்து கல்லாக இறுகும். இதற்குச் சில நாளிலிருந்து இரண்டு வாரம் வரை போதும். இதுதான் பற்காரை. பிரஷ் இதை அசைக்காது.

3. கிருமியை எதிர்த்து ஈறு சிவந்து வீங்குகிறது. தொட்டால் ரத்தம் வருகிறது. இது ஈறு அழற்சி. இந்தக் கட்டத்தில் சுத்தம் செய்தால் ஈறு முழுதாகப் பழைய நிலைக்குத் திரும்பிவிடும்.

4. அதையும் விட்டால் அழற்சி கீழே இறங்கி, நாரையும் எலும்பையும் கரைக்கத் தொடங்கும். இடுக்கு 4, 5, 6 மில்லிமீட்டர் என்று ஆழமாகிப் பை போல ஆகிவிடும். இனி இது பல்சூழ் நோய். கரைந்த எலும்பு தானாக வளராது. மேலும் கரையாமல் நிறுத்தத்தான் முடியும்.

மூன்றாவது படிக்கும் நான்காவது படிக்கும் நடுவே இருக்கிற கோட்டைத்தான் நீரிழிவு வேகமாகத் தாண்ட வைக்கிறது.

## சர்க்கரை ஏறும்போது ஈறுக்கு என்ன ஆகிறது

சர்க்கரை கட்டுப்பாட்டில் இல்லாதவர்களுக்குப் பல்சூழ் நோய் வரும் வாய்ப்பு மற்றவர்களைவிட ஏறத்தாழ மூன்று மடங்கு. கண், சிறுநீரகம், நரம்பு, பெரிய ரத்தக்குழாய்கள், ஆறாத புண் ஆகிய ஐந்தும் நீரிழிவின் பின்விளைவுகளாக முன்பே சொல்லப்பட்டவை. 1993-இல் ஹரால்ட் லோ என்ற பல் மருத்துவ ஆய்வாளர் பல்சூழ் நோயை ஆறாவதாகச் சேர்க்க வேண்டும் என்று எழுதினார். நம் ஊரில் முதல் ஐந்தும் எல்லாருக்கும் தெரியும். ஆறாவது இன்னும் வீட்டுக்குள் வந்து சேரவில்லை.

காரணங்கள் மூன்று. ரத்தத்தில் சர்க்கரை அதிக நாள் நின்றால் கிருமியைத் தின்னும் வெள்ளை அணுக்கள் மந்தமாகின்றன. ஈறுக்குப் போகும் நுண்ணிய ரத்தக்குழாய்கள் தடித்துப்போய், சத்தும் ஆக்சிஜனும் சரியாகப் போய்ச் சேருவதில்லை. கடைசியாக, சர்க்கரை உடம்பின் புரதங்களோடு ஒட்டிக்கொண்டு ஒருவகைக் கசடாக மாறுகிறது. அந்தக் கசடு அழற்சியைத் தூண்டிவிட்டுக்கொண்டே இருக்கிறது. சண்டை போட வந்த படைக்குக் கிருமியைக் கொல்லவும் தெரியவில்லை, சண்டையை நிறுத்தவும் தெரியவில்லை. நடுவில் எலும்புதான் கரைகிறது.

## ஈறு திரும்பச் சர்க்கரையை ஏற்றுகிறது

அந்தக் கடிதத்தின் முழு அர்த்தமும் இங்கேதான் இருக்கிறது. மேலே சொன்னது ஒரு பக்கம் மட்டும். இந்தப் பாதை இரு பக்கமும் ஓடுகிறது.

இனிப்புநீர்க்காரர் ஒருவரின் பாதத்தில் 50 காசு அளவுக்கு ஒரு புண், தொட்டால் ரத்தம், நாள் முழுக்கக் கிருமி என்றால் வீடே பதறும். மகன் வேலைக்கு லீவு போட்டுவிட்டுக் கிளினிக்குக்கு அழைத்துப் போவார். பல்சூழ் நோய் பரவிய வாயில், ஈறுப்பைகளின் உள்பக்கத்தை எல்லாம் பிரித்து விரித்து அளந்தால், 8 முதல் 20 சதுர சென்டிமீட்டர் வரை வரும் என்று கணக்கிட்டிருக்கிறார்கள். இப்போது புழக்கத்தில் இருக்கும் 50 காசு ஒன்றின் முகம் ஏறத்தாழ 4 சதுர சென்டிமீட்டர். அப்படியானால் இரண்டிலிருந்து ஐந்து 50 காசு அளவுக்குப் புண். அது உதட்டுக்குப் பின்னால் இருப்பதால் யாரும் பதறுவதில்லை.

இந்தப் புண்ணிலிருந்து இரண்டு விஷயம் ரத்தத்தில் கலக்கிறது. ஒன்று, மெல்லும்போதும் துலக்கும்போதும் உள்ளே நுழையும் கிருமிகள். இன்னொன்று, அழற்சியால் உடம்பு சுரக்கும் வேதிப்பொருள்கள். இந்த இரண்டாவதுதான் நமக்கு முக்கியம். இவை இன்சுலின் வேலை செய்வதைத் தடுக்கின்றன. மாத்திரை அதேதான், சாப்பாடும் அதேதான், ஆனால் அளவு இறங்க மறுக்கும். காய்ச்சல் வந்தால் சர்க்கரை ஏறுவதைப் பலர் பார்த்திருப்பார்கள். ஈறு நோய் அதே வேலையைக் குறைந்த சத்தத்தில், ஆண்டுக்கணக்கில் செய்கிறது.

அப்படியென்றால் ஈறைச் சுத்தம் செய்தால் சர்க்கரை இறங்குமா? இறங்கும். பல ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்து காக்ரேன் என்ற மருத்துவ ஆய்வு அமைப்பு 2022-இல் வெளியிட்ட தொகுப்பு இதைத்தான் சொல்கிறது. பல்சூழ் நோயும் நீரிழிவும் உள்ளவர்களுக்கு ஈறுக்கு அடியில் சுத்தம் செய்த மூன்று நான்கு மாதத்தில் ஹெச்பிஏ1சி சராசரியாக 0.43 அளவு குறைந்தது. ஹெச்பிஏ1சி என்பது கடந்த மூன்று மாதச் சர்க்கரையின் சராசரியைக் காட்டும் ரத்தப் பரிசோதனை. பதிவுப் புத்தகத்தில் 7.9, 8.4 என்று எழுதித் தருவார்களே, அதுதான். 8.4 இருந்தால் 8-க்குப் பக்கத்தில் வரலாம். கேட்க இது சின்ன எண் போலத் தோன்றும். அந்தச் சின்ன எண்ணுக்காகத்தான் சிலருக்கு இன்னொரு மாத்திரையைச் சேர்க்கிறார்கள். அதற்காக மாத்திரையை நிறுத்திவிட்டு ஈறை மட்டும் பார்த்தால் போதும் என்று யாரும் எடுத்துக்கொள்ள வேண்டாம். இரண்டும் சேர்ந்துதான் பலன் தரும்.

பல் மருத்துவர்களும் இப்போது இந்த எண்ணைக் கேட்கிறார்கள். 2018-இல் உலக அளவில் திருத்தப்பட்ட பல்சூழ் நோய் வகைப்பாட்டில், நீரிழிவு உள்ளவரின் ஹெச்பிஏ1சி 7-ஐத் தொட்டால் நோய் வேகமாகப் பரவக்கூடிய பிரிவில் வைக்கிறார்கள். ஆகவே பல் கிளினிக்குப் போகும்போது நீரிழிவுப் பதிவுப் புத்தகமும் கையில் இருக்கட்டும்.

## வலி இல்லாமல் முற்றும் நோய்

பல் சொத்தை வலிக்கும். ஈறு நோய் பெரும்பாலும் வலிக்காது. அதனால்தான் "வலிக்கலையே" என்ற பதில் ஏமாற்றுகிறது. வலியை எதிர்பார்க்காமல் கவனிக்க வேண்டியவை வேறு: துலக்கித் துப்பும்போது சிவப்பு, காலையில் தலையணையில் ரத்தக்கறை, போகாத வாய் நாற்றம், பல் நீண்டுவிட்டதுபோல் தோற்றம், முன்பல்லுக்கு நடுவே புதிதாக விழுந்த சந்து, கடிக்கும்போது ஆடும் பல்.

சிகரெட் பிடிப்பவர்கள் இதில் தனிக் கவனம் எடுக்க வேண்டும். நிக்கோட்டின் ஈறின் ரத்தக்குழாய்களைச் சுருக்கிவிடும். உள்ளே எலும்பு கரைந்துகொண்டிருக்கும், வெளியே ரத்தமே வராது. ரத்தம் இல்லை, ஈறு நல்லாத்தான் இருக்கிறது என்று அவர்கள் நம்பிவிடுவார்கள்.

அப்புறம் வெற்றிலை பாக்கு. தோட்டத்துப் பாட்டிகளின் இடுப்பில் இன்றும் சுருக்குப்பை இருக்கிறது. புகையிலை சேர்க்காமல் வெறும் பாக்கு போட்டாலும் அது புற்றுநோய் உண்டாக்கும் பொருள்தான் என்று உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு அமைப்பு 2004-இலேயே வெளியிட்டுவிட்டது. மலேசியாவில் வாய்ப்புற்று நோய் இந்தியர்களிடம், அதிலும் நம் பெண்களிடம் அதிகம் தெரிவதற்கு இந்தப் பழக்கம் பெரிய காரணம். கன்னத்தின் உள்பக்கத்திலோ நாக்கோரத்திலோ வெள்ளைத் திட்டு, சிவப்புத் திட்டு, ஆறாத புண் எதுவாக இருந்தாலும் இரண்டு வாரத்துக்கு மேல் நின்றால் காட்டியே ஆக வேண்டும். பாட்டியைத் திட்டாமல், கையைப் பிடித்து அழைத்துப் போங்கள்.

## வறண்ட வாய், வெள்ளைப் படலம், தடித்த ஈறு

சர்க்கரை ஏறினால் சிறுநீர் அதிகம் போகும், உடம்பு வறளும், எச்சில் குறையும். செம்பனைத் தோட்டத்து வெயிலில் வேலை செய்பவருக்கு இது இரட்டிப்பு. ரத்த அழுத்தத்துக்கும் மனச்சோர்வுக்கும் தரும் சில மாத்திரைகளும் வாயை வறட்டும். எச்சில்தான் வாயின் காவல். அது அமிலத்தைக் கழுவுகிறது, கிருமியை அடக்குகிறது. எச்சில் குறைந்தால் பல்லின் வேர்ப்பகுதியில் சொத்தை சீக்கிரம் பிடிக்கும். ஈறு இறங்கியதால் வெளியே தெரியும் வேர், பல்லின் மேல்பாகம் அளவுக்குக் கடினம் கிடையாது.

வறட்சிக்குப் பலர் மிட்டாயைச் சப்புகிறார்கள், அல்லது இனிப்புத் தண்ணீரைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு சிறிது சிறிதாகக் குடிக்கிறார்கள். இரண்டும் கெடுதல். கடையில் தே தாரே எனும் பால் தேநீர் போடுவதை ஒருமுறை நின்று பாருங்கள். கிளாஸின் அடியில் கெட்டிப்பால் ஒரு விரற்கடை ஏறும்வரை கரண்டி இறங்கும். அந்தப் பாலில் ஏறக்குறைய பாதி சர்க்கரை. அதை ஐந்து நிமிடத்தில் குடித்து முடித்தால் பல் ஒருமுறை தாக்கப்படும். பேசிக்கொண்டே ஒரு மணி நேரம் உறிஞ்சினால் அந்த ஒரு மணி நேரமும் பல் அமிலத்தில் ஊறும். வெறும் தண்ணீர், சர்க்கரை இல்லாத சூயிங்கம் இரண்டும் உதவும்.

நாக்கிலோ அண்ணத்திலோ தயிர் ஒட்டியதுபோல் வெள்ளையாகப் படிந்தால், அல்லது வாய் எரிந்தால், பூஞ்சைத் தொற்றாக இருக்கலாம். சர்க்கரை அதிகம் உள்ளவர்களுக்கும், பல்செட்டைக் கழற்றாமல் தூங்குபவர்களுக்கும் இது சுலபமாக வரும்.

பலருக்கும் தெரியாத இன்னொன்று அம்லோடிபின். ரத்த அழுத்தத்துக்கு நம் கிளினிக்குகளில் நிறையப் பேருக்குக் கொடுக்கும் மாத்திரை இது. சிலருக்கு ஈறு தடித்துப் பல்லின் மேல் ஏறி வளரும். வாய் சுத்தம் குறைந்தால் வளர்ச்சி இன்னும் கூடும். ஈறு அப்படிப் பெருத்துத் தெரிந்தால் டாக்டரிடம் சொல்லுங்கள், மாற்று மருந்துகள் இருக்கின்றன. மாத்திரையை நீங்களாக நிறுத்திவிடாதீர்கள்.

## மெல்ல முடியாத வாய் எதைத் தின்னும்

ஈறு நோயின் கடைசிப் பலன் பல் விழுவது. பல் போனதும் சாப்பாடு மாறுகிறது. இதை யாரும் நோய்க் கணக்கில் சேர்ப்பதில்லை. கடைவாய்ப் பல் இல்லாதவர் கச்சான், வெள்ளரி, கீரைத்தண்டு, கோழிக்கறி எல்லாவற்றையும் ஒதுக்குகிறார். அவருக்கு மிச்சம் இருப்பது கஞ்சி, குழைந்த சோறு, தேத்தண்ணியில் நனைத்த ரொட்டி, பிஸ்கட். எல்லாமே சர்க்கரையை விறுவிறு என்று ஏற்றும் உணவு. டயட்டிஷியன் காய்கறி சாப்பிடச் சொல்லி அனுப்புகிறார். வீட்டில் அதை மெல்லப் பல் இல்லை.

## நம் வீடுகளில் சொல்வது

"இனிப்புநீர் இருந்தா பல்லு புடுங்கக் கூடாது." சர்க்கரை கட்டுப்பாட்டில் இருந்தால் தாராளமாகப் பிடுங்கலாம். அதிகமாக இருந்தால் புண் ஆறத் தாமதமாகும், சீழ் பிடிக்கலாம். அதனால் மருத்துவர் அளவைப் பார்த்து நாள் குறிப்பார். கெட்ட பல்லைச் சீழோடு வாயிலேயே வைத்திருப்பதுதான் பெரிய ஆபத்து.

"மேல்பல்லைப் புடுங்கினா கண்ணு போயிரும்." கண் நரம்பு வேறு, பல் நரம்பு வேறு. இனிப்புநீர் கண்ணை எப்படியும் பாதிக்கக்கூடியது. பல் பிடுங்கிய ஆண்டும் பார்வை மங்கிய ஆண்டும் ஒன்றாக அமைந்தால் பழி பல்லின் மேல் விழுகிறது.

"ஸ்கேலிங் செஞ்சதுக்கு அப்புறம்தான் பல்லு ஆடுது." ஸ்கேலிங் என்றால் பற்காரையை எடுப்பது. இதைச் சொல்பவர்கள் பொய் சொல்லவில்லை, அவர்களுக்கு அப்படித்தான் தெரிந்திருக்கும். நடந்தது வேறு. எலும்பு முன்பே கரைந்துவிட்டது. பல்லுக்குப் பல் பாலம் போட்டு இறுகிய காரைதான் அதுவரை முட்டுக்கொடுத்து நிறுத்தியிருந்தது. காரையை எடுத்ததும் உண்மை நிலை தெரிகிறது, வீக்கம் வடிந்து சந்தும் தெரிகிறது. ஈறு இறுகியபின் பல சமயம் ஆட்டம் குறைவதும் உண்டு.

"ரத்தம் வருது, அதனால அந்தப் பக்கம் தேய்க்கிறதில்ல." தேய்க்காத பக்கத்தில்தான் படலம் சேர்ந்து ரத்தம் அதிகமாகும். மென்மையான பிரஷால் அங்கேயே துலக்கினால் ஒன்றிரண்டு வாரத்தில் ரத்தம் குறைய வேண்டும். குறையாவிட்டால் உள்ளே காரை இருக்கிறது என்று பொருள்.

உப்புத் தண்ணீர், கிராம்பு எண்ணெய் பற்றியும் ஒரு வார்த்தை. இரண்டும் இதம் தரும், காரையைக் கரைக்காது. சொரசொரப்பான பற்பொடியை விரலால் தேய்ப்பது, வெளியே தெரியும் வேரை இன்னும் தேய்க்கும். விரல் பல்லிடுக்குக்குள் போகவும் போகாது.

## வீட்டில் செய்ய வேண்டியது

1. இரவு படுக்கும் முன்பும் காலையிலும், இரண்டு வேளை துலக்குங்கள். ஒரு வேளைதான் முடியும் என்றால் இரவை விடாதீர்கள், தூக்கத்தில் எச்சில் குறைவு. மென்மையான பிரஷ், ஃப்ளோரைடு உள்ள பற்பசை. பிரஷ் பாதி பல்லிலும் பாதி ஈறோரத்திலும் படும்படி சாய்த்து, சின்னச் சின்னதாக அசையுங்கள். இரண்டு நிமிடம். நுரையைத் துப்பினால் போதும், தண்ணீரால் பலமுறை கொப்பளித்தால் ஃப்ளோரைடும் போய்விடும்.

2. பல்லிடுக்கை நாளுக்கு ஒருமுறை சுத்தம் செய்யுங்கள். ஈறு இறங்கிச் சந்து விழுந்தவர்களுக்கு நூலைவிட, பார்மசியில் கிடைக்கும் சின்ன இடுக்குப் பிரஷ் வசதி. நரம்புப் பாதிப்பால் கைவிரல் மரத்தவர்களுக்கும் அது பிடிக்கச் சுலபம்.

3. பல்செட்டை இரவில் கழற்றி, பிரஷால் கழுவி, தண்ணீரில் போடுங்கள். பல்லே இல்லாதவர்களும் ஈறையும் நாக்கையும் மென்மையாகத் துடைக்க வேண்டும்.

4. வாரம் ஒருநாள் பாதத்தைப் பார்க்கும்போது வாயையும் பாருங்கள். கண்ணாடி முன் நின்று கைப்பேசி விளக்கை அடித்து, உதட்டை மேலே தூக்குங்கள். நல்ல ஈறு பல்லைச் சுற்றிக் கத்தி முனை போல் மெல்லிசாக, இறுக்கமாக இருக்கும். நம் நிறத்துக்கு ஈறில் கருமை இருப்பது இயல்புதான். பளபளப்பு, உப்பல், செந்நிறம் இவற்றைத்தான் தேட வேண்டும். அப்புறம் கன்னத்தின் உள்பக்கம், நாக்கின் இரு ஓரம், நாக்கின் அடிப்பக்கம். கண் மங்கியவர்களுக்கு வீட்டில் இருக்கும் பிள்ளைகள் பார்த்துச் சொல்லட்டும்.

## பல் கிளினிக்குப் போகும் நாள்

குறை எதுவும் இல்லாவிட்டாலும் ஆண்டுக்கு ஒருமுறையாவது போக வேண்டும். ஈறு நோய் இருந்தால் அதைவிட அடிக்கடி வரச் சொல்வார்கள். அரசாங்கக் கிளினிக்கில் குடிமக்களுக்குப் பதிவுக் கட்டணம் 1 வெள்ளிதான். காத்திருக்கும் நேரம்தான் பாரம், அதனால் முன்கூட்டியே தெமுஜன்ஜி (சந்திப்பு நேரம்) வாங்கிக்கொள்வது நல்லது.

நம்மவர்கள் அடிக்கடி செய்யும் ஒரு தவறு உண்டு. ரத்தப் பரிசோதனைக்காகப் பசியோடு காலையிலேயே வருவார்கள். வந்த வேலையோடு பல்லையும் முடித்துவிடலாம் என்று வெறும் வயிற்றோடு பல் கிளினிக்கிலும் போய் உட்கார்ந்துவிடுவார்கள். மாத்திரை போட்டோ இன்சுலின் குத்தியோ சாப்பிடாமல் இருந்தால் சர்க்கரை 4 மில்லிமோலுக்குக் கீழே இறங்கி, கை நடுங்கி, வியர்த்து மயக்கம் வரலாம். ரத்தம் கொடுத்ததும் முதலில் சாப்பிடுங்கள், வழக்கமான மருந்தை எடுங்கள், பிறகு பல்லுக்குப் போங்கள். பையில் மூன்று தேக்கரண்டிச் சர்க்கரை பொட்டலமாக இருக்கட்டும். நடுக்கம் வந்தால் தண்ணீரில் கலந்து உடனே குடிக்க வேண்டும்.

ரத்தம் உறையாமல் இருக்கத் தரும் ஆஸ்பிரின், குளோபிடோக்ரல் போன்ற மாத்திரைகளை எடுப்பவர்கள் அதைப் பல் மருத்துவரிடம் முதலிலேயே சொல்ல வேண்டும். பல் பிடுங்கப் போகிறோம் என்று நீங்களாகவே நிறுத்திவிட்டுப் போகக் கூடாது.

தெமுஜன்ஜிக்குக் காத்திருக்கக் கூடாத நேரமும் உண்டு. கன்னமோ தாடைக்கு அடியோ வீங்கிக் காய்ச்சல் அடித்தால், வாய் திறக்க முடியாவிட்டால், எச்சில் விழுங்கக் கஷ்டமாக இருந்தால், அன்றைக்கே மருத்துவமனையின் அவசரப் பிரிவுக்குப் போய்விடுங்கள். இனிப்புநீர் உள்ளவருக்குப் பல்லின் சீழ் கழுத்துக்கு இறங்க ஓர் இரவு போதும்.